பிரவுனியின் முன்னேற்றம்

நாய்களின் இடுப்பு மூட்டு நோய்க்குப் புதிய மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தாள் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி மாணவி ஹரிப்ரியா. வாரந்தோறும் நாய் வளர்ப்பவர்களுக்குப் போன் செய்து விசாரிப்பாள்.

கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, முட்டுக்காட்டில் தனியாக வசித்த ஜெபகுமார் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

"பிரவுனி எப்படி இருக்கு சார்?"

"நேத்து நண்டைத் துரத்திக்கிட்டு ஓடுச்சும்மா."

"நிஜமாவா? வலி இருக்கா?"

"துளிகூட இல்ல. நீ சாப்பிட்டியா?"

மற்ற நாய்கள் இன்னும் நொண்டிக்கொண்டிருந்தன. பிரவுனியைத்தான் ஹரிப்ரியா மலைபோல் நம்பியிருந்தாள். கடைசி எக்ஸ்ரேவுக்கு அழைத்துப்போக வண்டியோடு அவர் வீட்டுக்கே வந்தாள்.

வாசலில் சங்கிலி துருப்பிடித்துக் கிடந்தது.

"பிரவுனி எங்க சார்?"

ஜெபகுமார் தலை குனிந்தார். "ஆரம்பத்துலயே பாம்பு கடிச்சுப் போயிடுச்சும்மா."

"அப்போ இத்தனை மாசமா நீங்க சொன்னது? என் ஆராய்ச்சியே போச்சு சார்."

"தப்புதாம்மா. ஒவ்வொரு தடவையும் சொல்லிடணும்னுதான் போனை எடுப்பேன். ஆனா நாய் இல்லேன்னா நீ எதுக்குப் போன் பண்ணப்போற? இந்த வீட்டுக்கு உன் போன் மட்டும்தாம்மா வருது."