அரை ஸ்பூன் உப்பு

பெற்ற மகளிடமே ஒரு தாய் தொழில் ரகசியத்தை மறைப்பாளா? மறைக்கிறாள் என்று தராசு தீர்மானமே செய்துவிட்டாள்.

தராசு என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். வேதியியல் படித்த பெண், எதையும் எடை போடாமல் நம்ப மாட்டாள். அந்தக் குணத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளை உதவித்தொகை கொடுத்துக் கூப்பிட்டிருந்தது. படிப்பும் தங்குகிற அறையும் அவர்கள் பொறுப்பு. சோறு மட்டும் அவள் பாடு.

அவள் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும்.

கிளம்ப ஒன்பது நாள்தான் இருந்தது. அம்மாவின் கிழங்குக் குழம்பு ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும், இரண்டு வருஷத்தை ஓட்டிவிடலாம் என்று நோட்டும் கையுமாக அடுப்படிக்குள் நுழைந்தாள்.

அம்மா ‘ஒரு கை’ என்றால் அந்தக் கையைப் பாதி வழியில் பிடித்து நிறுத்தி, இருந்ததைத் தட்டில் கொட்டி, கிராம் கணக்கில் எழுதிக்கொண்டாள். ‘கொஞ்ச நேரம் கொதிக்கட்டும்’ என்றால் கடிகாரத்தைப் பார்த்தாள். உப்பு எவ்வளவு என்று கேட்டாள். ஒரு ஸ்பூன் என்றாள் அம்மா, யோசிக்காமல்.

நோட்டு சாப்பாட்டு மேஜையிலேயே கிடக்கும். பஸ் பணிமனையில் மெக்கானிக் வேலை பார்க்கும் அப்பா, வந்ததும் அதை எடுத்து ஒரு வரி விடாமல் படித்துப் பூரித்துப் போவார்.

நோட்டில் இருந்தபடியே மறுநாள் மதியம் தனியாகச் செய்து பார்த்தாள். சப்பென்று இருந்தது. அதற்கடுத்த நாளும் அதே சப்பு. மூன்றாம் நாள் துணிந்து கண்ணளவில் உப்பைக் கூட்டினாள், கடல் தண்ணீராகிவிட்டது. ஆனால் அம்மா சாயங்காலம் வைக்கிற குழம்பு, அவள் கண்ணெதிரே அதே ஒரு ஸ்பூன் போட்ட குழம்பு, தட்டுக்கு வரும்போது அமிர்தமாக இருந்தது.

நடுவில் அம்மா எதையோ சேர்க்கிறாள். வேறென்ன?

விஷயத்தைக் கேட்ட அத்தை போனிலேயே ஊதிவிட்டாள். “உங்கம்மா முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவளாச்சே. எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டா நீ திரும்பி வரமாட்டேன்னு பயம்டி.”

தராசுக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை தூரம் போகிற பெண்ணிடம் இதைக்கூடவா பதுக்குவாள்?

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அடுப்படியை ஒட்டிய ஸ்டோர் ரூம் கதவிடுக்கில் நின்று வேவு பார்த்தாள்.

அம்மா ஒரு ஸ்பூன் உப்புப் போட்டாள். அடுப்பை அணைத்தாள். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் துணி எடுக்க மாடிக்குப் போனாள். தினமும் அப்படித்தான், அவர் வரும் நேரம் பார்த்துத்தான் அவளுக்குக் கொடியின் ஞாபகம் வரும்.

அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். டம்ளரைத் தொடவில்லை. குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். உப்பு டப்பாவைத் திறந்து அரை ஸ்பூன் போட்டு, நாலு கிண்டு கிண்டி, கரண்டியைத் துடைத்து இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தார். கையின் லாவகத்தைப் பார்த்தால் நேற்று இன்று வந்த பழக்கமாகத் தெரியவில்லை.

தராசு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அப்பா திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றார்.

“எத்தனை நாளாப்பா இது?”

“கல்யாணமான நாலாம் நாள்ல இருந்து. இருபத்தாறு வருஷம் ஆச்சு.” மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “அவ கைக்கு உப்பு அளவு இன்னை வரைக்கும் பிடிபடவே இல்லம்மா. சொன்னா மனசு ஒடிஞ்சு போவா. நீயும் சொல்லிடாதே.”

அன்றைக்கும் முதல் வாயிலேயே அப்பா, இந்தக் கைக்குத் தங்க வளையல்தான் போடணும் என்றார். அம்மாவும் வழக்கம்போல வெட்கப்பட்டாள். அவளைப் பார்க்கத் தராசுக்குப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷமாக ஒன்றும் தெரியாமலே இருந்திருக்கிறாளே என்று மனசு அடித்துக்கொண்டது. போயும் போயும் இவளைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சாப்பிட்டு முடித்து, அப்பா கூடத்தில் பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். தராசு அடுப்படிக்கு வந்தாள். அப்பாவையும் காட்டிக் கொடுக்கக் கூடாது, அம்மாவையும் நோகடிக்கக் கூடாது.

“அம்மா, அந்த ஊர்த் தண்ணி வேற மாதிரியாம். உப்பு மட்டும் ஒன்றரை ஸ்பூன் போட்டுக்கவா?”

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். “பாத்துட்டியா?” என்றாள்.

தராசின் கண் ஸ்டோர் ரூம் கதவுக்குப் போனது.

“தனியா சமைச்சா ஒன்றரைதான் போடணும். முதல் நாளே சொல்லியிருப்பேன். நீ பாட்டுக்கு நோட்டுல எழுதி மேஜை மேல போட்டுடுவே, அவர் வரி விடாமப் படிக்கிறாரே. நாளைக்கு ஏர்போர்ட்ல வச்சுக் காதோட சொல்லலாம்னு இருந்தேன்.”

“தெரிஞ்சே ஏம்மா குறைச்சுப் போடறே?”

அம்மா மாடியிலிருந்து எடுத்து வந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“ஆயுசுல அந்த மனுஷன் எனக்காகச் செய்யற ஒரே சமையல் அந்த அரை ஸ்பூன் உப்புதான்டி. அதையும் நானே போட்டுக்கச் சொல்றியா?”