கைகட்டும் துணி

“இது லினன் இல்ல, நைனாரே. வெறும் கஞ்சி.”

இருதயநாதன் துணியின் ஓரத்தை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்கினார். வெள்ளை மாவு உதிர்ந்து கடைப் பாயின் மேல் விழுந்தது.

துணிக்கடை தர்மதாஸ் நைனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. “எனக்கும் மொத்தக்கடையில லினன்னு சொல்லித்தான் குடுத்தான். கேக்கறது ஒரு முழம், அதுக்கு ஒம்பது சோதனையா?”

“ஒரு முழத்துல ஏமாந்தா ஏமாந்தது இல்லையா?”

கடை செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கியவர் நேராக இங்கேதான் வந்திருந்தார். காலிடுக்கில் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி. அதை ஓரமாக வைக்கச் சொன்னதற்கும் சம்மதிக்கவில்லை.

“பெட்டியில இன்னா, தங்கமா?”

“எம் புள்ளையோடது. துணிமணி, புஸ்தகம்.”

தர்மதாஸ் உள்ளே போய் ஒரு பழைய சுருளைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். “புதுச்சேரியில வெள்ளக்காரங்க மூட்ட கட்டினப்ப வாங்கினது. இந்த ஊர்ல இத எவன் கேக்கறான்? எலிதான் கேக்குது.”

இருதயநாதன் அதையும் நம்பவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடியது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், உடனே குடித்துவிட்டது.

அதுவும் போதவில்லை. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, சுண்டி அறுத்தார்.

“பருத்தின்னா முனை பஞ்சாப் பிரியும். இத பாருங்க, ஊசியாட்டம் நிக்குது.”

“ஜவுளிக்கட வைக்க வேண்டிய ஆளு, கொல்லையில மல்லாட்ட வெதச்சிக்கினு இருக்கீங்களே!”

“எனக்கு இன்னா தெரியும்? எல்லாம் எம் பொஞ்சாதி ராயம்மா சொன்னது. இருவது வருசம் மாதா கோயில் பீடத்துல விரிக்கிற லினன் துணி தொவச்சவ. இப்ப படுத்த படுக்க, கண்ணும் போச்சி. ஆனா வெரலு ஏமாறாது. தடவிப் பாத்து, இது இல்லன்னுட்டான்னா தீந்துது.”

“படுத்திருக்கிற அம்மாவுக்கு ஒரு முழம் துணி எதுக்கு?”

இருதயநாதன் அறுத்த நூலை விரலில் சுற்றினார். பிறகு துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்க வேதத்துல புள்ள சாமியாரா குருப்பட்டம் வாங்கறப்ப, மேற்றிராணியார், அதான் பிஷப்பு, அவன் ரெண்டு கையிலயும் தைலம் பூசி லினன் துணியால கட்டுவாரு. அந்தத் துணி பெத்தவளுக்கு. அவ செத்தா அவ கையில கட்டிப் பொதைப்போம். சாமியாரப் பெத்தவன்னு மேல அடையாளம் தெரியணும்ல?” பெட்டியைக் காலால் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். “டாக்டரு நாலு நாளுன்னுட்டாரு. துணி எங்க, துணி எங்கன்னு உசுரப் புடிச்சிக்கினு கெடக்கறா.”

தர்மதாஸின் முகம் மலர்ந்துவிட்டது. “அட, பெங்களூர்ல படிச்ச ஒங்க புள்ள சாமியாராயிட்டாரா! இத மொதல்லயே சொல்லக் கூடாதா? காசெல்லாம் வேணாம், எடுத்துக்கினு போங்க.”

துணியை அளந்து கத்தரித்தார். அதன்மேல் ஒரு பிடி கற்கண்டும் வைத்து நீட்டினார்.

இருதயநாதன் கற்கண்டைத் தொடவில்லை. மடியிலிருந்து சின்ன சீசா ஒன்றை எடுத்தார். மருந்துக்கடையில் விற்கும் ஒலிவ எண்ணெய். நாலு சொட்டைப் புதுத்துணியின் நடுவே விட்டுத் தேய்த்தார். பிறகு துணியை முறுக்கி இடது கையில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டார்.

“ஐயையோ! இன்னா பண்றீங்க பெரியவரே, புதுத்துணிய?” தர்மதாஸ் பதறினார். “எனக்கு ஒண்ணும் புரியல. பட்டத்துக்குப் போயிட்டுத்தான வரீங்க? அங்க மேற்றிராணியார் கட்டின துணி எங்க?”

இருதயநாதன் முடிச்சை அவிழ்த்தார். சுருக்கங்கள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

“பட்டத்துக்கு எங்க போனேன், நைனாரே? அவன அடக்கம் பண்ணிட்டு வரேன்.”