கேத்தல் சின்னக்காரர்

ஒவ்வொரு பெயரைக் கூப்பிடும்போதும் கனகரத்தினம் வாசலைப் பார்த்தார்.

பக்கத்துக் கதிரையில் இருந்த பிரசாந்தினி கனகரத்தினத்தைப் பார்த்தாள். வாக்குச்சாவடியில் ஒரு பெரிய கட்சியின் முகவராக இருக்கத்தான் அவள் வந்தாள். ஆனால் காலையிலிருந்து இதுதான் வேலையாகப் போயிற்று.

திருகோணமலைக்குத் தேர்தல் வந்தால் கனகரத்தினமும் வந்துவிடுவார். நகரசபைக்குக் கேட்டார். மாகாணசபைக்குக் கேட்டார். பாராளுமன்றத்துக்கும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். எப்போதும் சுயேச்சைதான். சின்னம் ஒருமுறை ஏணி, ஒருமுறை மணிக்கூடு, இம்முறை தேநீர்க் கேத்தல். கட்டுக்காசு ஒருபோதும் திரும்பி வந்ததில்லை.

உட்துறைமுக வீதியில் வள்ள இஞ்சின் திருத்துகிற மனுசனுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று ஊருக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? வாக்கைப் பிரிக்க யாரோ பெரிய கை காசு கொடுக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பிரசாந்தினியும் அதைத்தான் நம்பினாள். வெல்ல நினைக்கிற வேட்பாளர் கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று சாவடி சாவடியாக ஓடித் திரிவார். இவரோ விடியக் கதவு திறந்ததும் வந்து, இந்த ஒரு வகுப்பறையில், இந்த ஒரு கதிரையில் ஒட்டிக்கொண்டவர். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. யாரோ தேநீர் கொண்டுவந்து நீட்டியபோது, வேண்டாம் என்று கையால் காட்டினார். கண் மட்டும் வாசலை விட்டு அசையவில்லை.

நல்ல நோக்கத்தோடு வந்தவர் இப்படியா இருப்பார்?

"பிள்ளை, அந்தாளில ஒரு கண் வைச்சிரு," என்று கட்சி அமைப்பாளர் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். "ஊரில இல்லாத ஒரு பேரை வருசா வருசம் வாக்காளர் இடாப்பில வெட்டாமல் வைச்சிருக்கிறார். சும்மாவே வைச்சிருக்கிறார்?"

அவள் அதை மறக்கவில்லை. வாக்களிக்க வருகிறவரின் பெயரைச் சாவடியில் சத்தமாக வாசிப்பதே முகவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆள் மாறி வந்தால் அந்த இடத்திலேயே ஆட்சேபம் சொல்லலாம்.

பின்னேரம் மழை தூறத் தொடங்கியது. வரிசை அறுந்து, ஆட்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். வாக்களிப்பு முடிகிற நேரம் நெருங்க நெருங்கக் கனகரத்தினத்தின் வலது கால் ஆடத் தொடங்கியது. பிரசாந்தினி அதைக் கண்டுவிட்டாள். ஆளைக் கொண்டுவரப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

எழுதுவினைஞர் வாசித்தார்.

"கனகரத்தினம் நிருபன்!"

கனகரத்தினம் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

பிரசாந்தினியும் எழும்பினாள். அகப்பட்டுவிட்டார் என்று அவளுக்குச் சந்தோசம். சொந்த மகனுடைய பெயரிலேயே கள்ளவோட்டு! ஆட்சேபம் என்று சொல்ல வாயெடுத்தவள், அவருடைய முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அது களவு செய்கிறவரின் முகமில்லை. அவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார். கண் இரண்டும் நிறைந்திருந்தன.

வாசலில் நின்றவனைக் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

அவனைப் பிரசாந்தினிக்கும் தெரியும். நேற்று லிங்கநகரில், அவளுடைய கட்சி அலுவலகத்தில், எல்லோருக்கும் கொத்துரொட்டிப் பார்சல் கொடுத்தவன். இவனை அனுப்பியது அமைப்பாளர்தான்; கள்ளனிடம் களவெடுத்தால் அவன் பொலிசுக்கா போகப் போகிறான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

தலைமை அலுவலர் தற்காலிக அடையாள அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டையின்படி முப்பது வயது தாண்டியிருக்க வேண்டும். நின்றவனுக்கு மீசையே இப்போதுதான் அரும்பியிருந்தது.

"ஐயா, இவர் உங்கட மகனோ?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொலிஸ்காரர் கதவடியிலேயே நின்றார். ஆனால் அதற்குப் பிறகு அடுத்த கேள்வி வரும். மகன் எங்கே என்று கேட்பார்கள். பதில் சொன்னால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

கனகரத்தினம் குனிந்து, விழுந்த கதிரையை நிமிர்த்தி வைத்தார்.

"ஓம்," என்றார். "என்ர மகன்தான்."

அலுவலர் முகவர்களின் பக்கம் திரும்பி, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். பிரசாந்தினி இல்லை என்று தலையை ஆட்டினாள். மற்ற முகவர்களும் ஆட்சேபிக்கவில்லை.

அவன் விரலில் மை பூசிக்கொண்டு, மறைப்புக்குப் பின்னால் போய்ப் புள்ளடி போட்டான். எந்தச் சின்னத்துக்குப் போட்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். கனகரத்தினத்துக்கும் தெரியாமல் இருக்காது.

அவன் தலையைக் குனிந்தபடி அவசரமாக வெளியேறினான். கனகரத்தினம் பின்னாலேயே போனார். அவர் அன்று அந்தக் கதிரையை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. பிடித்து அறையப் போகிறார் என்று பயந்து, பிரசாந்தினியும் வாசலுக்கு ஓடினாள்.

அவர் அவனுடைய தோளில் கை வைத்து நிறுத்தியிருந்தார்.

"எங்கட வீட்டு ஒழுங்கையால போகாத, தம்பி. 'நீங்கள் அடுத்த எலெக்சனும் கேளுங்கோ அப்பா, நான் வந்து போடுவன்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் என்ர மகன் அவுஸ்திரேலியாவுக்கு வள்ளம் ஏறினவன். பிறகு ஒரு சேதியும் இல்லை. தாய் இப்பவும் கேற்றடியில நிக்கிறா. வோட்டுப் போட்டிட்டுப் போற பொடியளையெல்லாம் மறிச்சு, நிருபன்ர பேரைக் கூப்பிட்டவையோ எண்டு கேப்பா."