ஜீப் பாய்ஸ் கலைந்த கதை

“அவ்வளவு நல்லா ஓடிக்கிட்டிருந்த பேண்டு எப்பிடிய்யா கலைஞ்சது?” என்று கேட்டாள் சுபாஸ்ரீ.

காபித் தட்டோடு வந்த ஜெபராணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பழைய பாட்டுக் குழுக்களைத் தேடிப்பிடித்து யூடியூபில் போடுகிற மதுரைப் பெண் சுபாஸ்ரீ. மூன்று கால் ஸ்டாண்டில் அவளுடைய செல்போன் ஜெபராணியின் கணவர் கிங்ஸ்லியையே பார்த்துக்கொண்டிருந்தது. எண்பத்திரண்டு வயதில் மனுஷனுக்குப் படிய வாரிய தலை, பவுடர் வேறு.

கம்பம் ஊரின் முதல் ராக் அண்ட் ரோல் குழு. 1966-இல் கிங்ஸ்லியோடு சேர்த்து நாலு பேர், ரெண்டு கித்தார், கிறிஸ்துமஸ் கேரலுக்கென்று சபையில் வைத்திருந்த ஒரு டிரம். எஸ்டேட் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறி, துரைமார் கிளப்பில் வாசித்துவிட்டு வருவார்கள். அதனால் ‘ஜீப் பாய்ஸ்’.

பதினோரு வாரம். ஐந்து கச்சேரி. ஆறாவது மெட்ராஸில், பெரிய ஓட்டலில் என்று முடிவானபோதுதான் போதகருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது.

‘நம் சபையின் டிரம் எஸ்டேட் கிளப்பில் மதுபாட்டில்களுக்கு நடுவே முழங்குகிறது.’

டிரம் சபைக்குத் திரும்பியது. நாலு வீட்டு அப்பன்மாரும் குதித்தார்கள். மெட்ராஸ் அத்தோடு சரி. அப்பாவின் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துப்போட உட்கார்ந்த கிங்ஸ்லி ஐம்பது வருடம் எழுந்திருக்கவில்லை.

கடுதாசியை எழுதியது ஜெபராணி. அப்போது பதினேழு வயசு. மெட்ராஸுக்குப் போனால் கிங்ஸ்லி திரும்பி வரமாட்டார் என்ற பயம். அவரோ சபையில் இவள் உட்காரும் பக்கம் திரும்பிப் பார்த்ததுகூடக் கிடையாது.

அவரையே கட்டிக்கொண்டு ஐம்பத்தொன்பது வருடம். இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால் இந்த மனுஷன் தன் முகத்தில் விழிப்பாரா?

“அந்தக் கடுதாசி யாரு எழுதுனதுன்னு தெரிஞ்சுதா? இப்ப இருக்காங்களா?” கிங்ஸ்லி கதையைச் சொல்லி முடித்ததும் சுபாஸ்ரீ கேட்டாள்.

“இருக்காக, இருக்காக. நல்லாத்தேன் இருக்காக.”

ஜெபராணி உள்ளே வந்து தட்டைக் கீழே வைத்தாள்.

“பேரச் சொல்லுங்கய்யா. வீடியோவே அதுலதான் இருக்கு.”

கிங்ஸ்லி போனை நேராகப் பார்த்தார்.

“நாந்தேன்.”

“ஐயா!”

“ஆமாத்தா. மெட்ராஸுல நெசமாவே வாசிக்கத் தெரிஞ்சவன் முன்னாடி நிக்கணும்ல? கித்தாருல எனக்குப் பிடிக்கத் தெரிஞ்சது மூணே கார்டு. தொடை நடுங்கிருச்சு. நானே எழுதிப் போட்டுட்டேன்.”

சுபாஸ்ரீ விழுந்து விழுந்து சிரித்தாள். காபியைக் குடித்துவிட்டு, ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு கிளம்பினாள்.

கதவைச் சாத்தியதும் ஜெபராணி கேட்டாள்: “எதுக்குங்க அந்தப் பிள்ளைகிட்டப் பொய் சொன்னீக?”

“பொய்யின்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

கிங்ஸ்லி தன் டம்ளரை எடுத்து நிதானமாக ஆற்றினார்.

“போதகரய்யா கடுதாசிய எங்கிட்டத்தேன் நீட்டுனாக. யாரு கையெழுத்துன்னு பாருடா தம்பின்னாக. எழுத்துப் பிடிபடல. ஆனா பிரிச்சதும் கம்முனு ஏலக்காய் வாசம்.”

அன்றைக்கு அந்தச் சபையில் ஏலக்காய் வியாபாரம் இம்மானுவேல் வீட்டில் மட்டும்தான். இம்மானுவேலுக்கு ஒரே மகள்.

மறுமாதமே கிங்ஸ்லி வீட்டிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். தன் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் அது என்று சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஜெபராணி எத்தனை தடவை எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறாள்.