முதல் ஊசி மேடத்துக்கு

சர்க்கரை நோய் ஆய்வு நிறுவனத்துக்குச் சர்க்கரை நோயாளிதான் இயக்குநராக இருக்க வேண்டும் என்பது சட்டம். நோயாளியின் கஷ்டம் நோயாளிக்குத்தானே தெரியும்? அந்தத் தகுதியோடு பன்னிரண்டு வருடம் உழைத்த டாக்டர் மரகதவல்லி, ஒரே ஊசியில் நோயை ஒழிக்கும் மருந்தைக் கண்டுபிடித்தார்.

“போட்டுக்கிட்டா என் பதவி போயிடுமேய்யா?” என்றார்.

“நோயே ஒழிஞ்சப்புறம் அந்தச் சட்டம் எதுக்கு மேடம்? முதல் ஊசி உங்களுக்கு, மறுநாள் எனக்கு,” என்றார் துணை இயக்குநர் தேவசகாயம். அவருக்கும் சர்க்கரை உண்டு. மேடம் கண் கலங்கிவிட்டார். ஊசியைத் தேவசகாயமே போட்டார். வலிக்கவேயில்லை.

ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவும் பதவி நீக்க ஆணையும் ஒரே உறையில் வந்தன. காரணம், பூரண ஆரோக்கியம். புதிய இயக்குநர், தேவசகாயம்.

“நீங்க இன்னும் போட்டுக்கலையே?” அறையைக் காலி செய்துகொண்டே கேட்டார் மேடம்.

“உங்க ஒருத்தர் ரிசல்ட்ட வெச்சு எப்படி மேடம் நம்பறது? இன்னும் எட்டு வருஷம் டெஸ்ட் பண்ணணும்னு இப்பதான் கையெழுத்துப் போட்டேன்.”

தேவசகாயம் ஓய்வு பெறவும் எட்டு வருடம்தான் இருந்தது.

அட்டெண்டர் இருவருக்கும் டீ கொண்டுவந்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக மேடத்தின் டீயில் சர்க்கரை போட்டிருந்தார். மேடம் அதைக் குடிக்கவில்லை.