எந்த மனு?

"எதைக் குடுக்கப் போற? இன்னும் முடிவு பண்ணலையா?"

கூட்டாளி இசக்கிப்பாண்டி இப்படிக் கேட்பது மூன்றாவது தடவை. மருதப்பன் சட்டையின் இடது பையில் ஒரு மனு இருந்தது. வலது பையில் இன்னொரு மனு. இரண்டையும் மாலை வகுப்புக்குப் போகும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அவனே அடித்திருந்தான்.

இரண்டும் கேட்பது ஒன்றைத்தான். 1982 பங்குனிக் கொடைத் திருவிழாவில் முப்பிடாதி அம்மன் சப்பரம் அவர்கள் தெருவுக்குள்ளும் வர வேண்டும். இடுப்பு ஒடிந்து மூன்று மாதமாகக் கட்டிலோடு கிடக்கும் அவன் அம்மா ஆறுமுகத்தாய் படுத்தபடியே வாசல் வழியாக அம்மனைப் பார்க்க வேண்டும்.

"கேக்கது ஒண்ணு. அதுக்கு எதுக்குலே ரெண்டு பேப்பரு?"

"காரணம் வேற வேறல்லா. உள்ள ரெண்டு கட்சி மோதுது. எந்தக் கட்சி ஜெயிக்கோ, அவங்க பேசுத மாதிரி எழுதினதைக் குடுக்கணும்."

"பரீட்சைக்கு ரெண்டு பிட்டு கொண்டு போற மாதிரி."

"சும்மா இரு. கேக்க விடு."

சங்கரன்கோவிலில் அந்த அம்மனின் சின்னக் கோயில் மடத்துக்குள் கொடைக் கமிட்டி கூடியிருந்தது. கூட்டம் முடிந்த பிறகுதான் மனு வாங்குவார்கள். இருவரும் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

உள்ளே சண்டை ரெங்கசாமி நாயக்கரைப் பற்றி. கொடையின் முதல் கூழுக்குக் கம்பு இளையரசனேந்தல் கிராமத்தில் இருக்கும் அவர் வீட்டிலிருந்துதான் வரும். அதற்காக முதல் பரிவட்டம் அவர் தலையில் கட்டுவார்கள். இந்த வருஷம் அதை நிறுத்த வேண்டும் என்கிறான் தமிழினப் படிப்பகம் நடத்தும் பெத்துராஜ்.

"தமிழ் மண்ணுல, தமிழன் கோயில்ல, தெலுங்கு பேசுத வீட்டுக்கு எதுக்கு முதல் மரியாதை?"

"ஏ தம்பி, தெலுங்குல எனக்கு வையத்தான் தெரியும்," என்றார் நாயக்கர். "அதுவும் மாட்டை மட்டும்."

சிரிப்பு எழுந்தது. கமிட்டித் தலைவர் சண்முகையா மட்டும் சிரிக்கவில்லை. மைக் செட்டில் சினிமாப் பாட்டுப் போடக் கூடாது, பேண்ட் போட்டவன் சப்பரம் தூக்கக் கூடாது என்று இருபது வருஷமாகப் பிடிவாதம் பிடிப்பவர் அவர்.

"பாட்டன் முப்பாட்டன் காலத்து வழக்கம்வே இது. கம்பு கொண்டு வாரவனுக்குப் பரிவட்டம். அவன் என்ன ரத்தம்னு அம்மன் இதுவரைக்கும் கேக்கலை. நீ யாரு கேக்க?"

"வழக்கம் வழக்கம்னுதான் பெரியப்பா நாம நாசமாப் போனோம். தமிழன் எல்லாரும் ஒரே ரத்தம். அதுல மேல கீழ கிடையாது. வெளிய இருந்து வந்தவன்தான் வேற."

ஜன்னலுக்கு வெளியே இசக்கிப்பாண்டி கிசுகிசுத்தான். "பெத்துராஜ் அண்ணன் பேசுதது நல்லா இருக்குலே. மேல கீழ கிடையாதுங்காரு."

மருதப்பன் இடது பையைத் தொட்டுப் பார்த்தான். அதில் இருந்தது பெத்துராஜ் பேசுகிற மாதிரி எழுதிய மனு. கொஞ்சம் யோசித்து வலது பையைத் தொட்டான்.

"சண்முகையா ஐயா பேசுததும் நல்லாத்தான் இருக்கு. என்ன ரத்தம்னு அம்மன் கேக்கலைங்காருல்லா."

"அப்போ யாருதான் சரி?"

"அதுதான் தெரியலை."

உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு மனுவையும் எழுதும்போது ஒவ்வொன்றையும் அவன் முழுசாக நம்பித்தான் எழுதினான். அதுவே அவனுக்குச் சந்தேகமாகவும் இருந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். நாயக்கருக்குப் பதினொன்று, பெத்துராஜுக்கு நாலு. பரிவட்டம் பிழைத்தது.

மருதப்பன் வலது பையிலிருந்த மனுவை எடுத்து, பிழை இருக்கிறதா என்று இன்னொரு தடவை படித்துவிட்டு, வாசலுக்குப் போய் நீட்டினான்.

"மனுவா? உள்ள வந்து உக்காரும் தம்பி," என்று ஜமுக்காளத்தைத் தட்டிக் காட்டினார் சண்முகையா. வாங்கிச் சத்தமாகவே படித்தார். "'கம்பு தருகிறவருக்குப் பரிவட்டம் என்பது இக்கோயில் வழக்கம். மூன்று தலைமுறையாகக் கொடைக்கு உழைப்புத் தரும் எங்கள் தெருவுக்குச் சப்பரம் வருவதும் அதே முறைப்படி நியாயம்.' பாத்தியா பெத்துராஜ், எப்படி எழுதியிருக்கான். இந்தத் தலைமுறையிலயும் வழக்கம் தெரிஞ்ச பிள்ளைக இருக்கு."

மருதப்பன் ஒரு காலை வாசல்படியில் வைத்தான்.

"'இப்படிக்கு, மா. மருதப்பன், வடக்குக் காலனி...'"

குரல் நின்றது. மடத்துக்குள் யாரோ இருமினார்கள். மருதப்பன் காலைக் கீழே இறக்கிக்கொண்டான். சண்முகையா மனுவை அவன் கையில் திருப்பிக் கொடுக்கவில்லை. தரையில் வைத்துத் தள்ளினார்.

"வருஷா வருஷம் சப்பரம் போற பாதையில முள்ளு வெட்டித் தாரீங்க. நெசந்தான். யாரு இல்லைன்னா? ஆனா வழக்கம் மட்டும் போதுமா? பொறப்பு, ரத்தம்னு ஒண்ணு இருக்குல்லா."

நாயக்கர் குனிந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருதப்பன் அவசரமாக இடது பையிலிருந்த மனுவை எடுத்துப் பெத்துராஜிடம் நீட்டினான். 'ஒரே ரத்தமான தமிழர் தெருக்களில் ஒன்றுக்கு மட்டும் அம்மன் வராதது இனத்துக்கே இழுக்கு' என்ற முதல் வரியைப் பெத்துராஜ் இரண்டு தடவை படித்தான். சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"ரத்தம் ஒண்ணுதான். அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்லை," என்றான் மெதுவாக. "ஆனா ஊருக்குன்னு வழக்கம் இருக்கு தம்பி. அதை எப்படி மீறுதது?"

சண்முகையா அன்று முதல் தடவையாகச் சிரித்தார். ஜமுக்காளத்தில் நகர்ந்து, பெத்துராஜுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டார்.