கசியாத ரகசியம்

அடுத்த மாதம் வெளிவரும் புது கம்ப்யூட்டர் ப்ராசசரின் வேகம், கம்பெனிக்கு வெளியே எங்கும் பேசப்படவில்லை. அப்படிக் கட்டிக் காத்த பாதுகாப்பு அதிகாரி, பதவி உயர்வு கேட்டு எம்.டி.யின் முன் நின்றார்.

“கேன்டீன்ல கூட யாரையும் வாய் திறக்க விடல சார்.”

“நெட்டுல ஒண்ணுமே வரலையா?”

“மூச்! என்னை மீறி ஒரு ஈ வெளியே பறக்குமா?”

எம்.டி.யின் முகம் தொங்கிப்போனது.

“நானேதான்யா என் பேர் சொல்லாம அந்த வேகத்தை நாலு யூடியூப்காரனுக்கு அனுப்பினேன். விக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பரபரப்பாகட்டுமேன்னு.”

“ஐயோ! அப்புறம் ஏன் சார் ஒருத்தரும் போடல?”

“‘பழைய சிப்பே இதைவிட வேகமா ஓடுது. யாரை ஏமாத்தப் பாக்குறே?’ன்னு நாலு பேரும் திட்டிப் பதில் போட்டிருக்கானுங்க.”

அதிகாரி நிமிர்ந்து நின்றார்.

“அப்போ ரகசியம் பத்திரமாத்தான் இருக்கு சார். ப்ரமோஷன்...?”